சேதுபதி வாத்தியாரும் கம்ப்யூட்டர் படிப்பும்

"சீமைப் படிப்பாமே, சார். கேட்டதும் என் மனசு குளிர்ந்துபோச்சு," என்றார் கோப்பிக் கடை அப்துல் கய்யூம்.

சேதுபதி வாத்தியார் வாய்க்குக் கொண்டுபோன குவளையை அப்படியே மேசையில் வைத்தார்.

"எந்தப் படிப்பு?"

"அதான் சார், தானாக் கணக்குப் போடுற மிசினு. கொம்ப்யூட்டர்னு பேராம்ல. நம்ம காஜா பெராங்குல இருந்து அதப் படிக்க ஒரு ஆளு போறதுன்னா சும்மாவா?"

"யார் சொன்னது உங்களுக்கு?"

"இந்த ஊர்ல யாரு சொல்லணும் சார்? தானா வருது." கய்யூம் மேசையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "ஒரே ஒரு விஷயம். சாப்பாட்டப் பத்தி மட்டும் நீங்க யோசிக்கவே கூடாது. அத என்கிட்ட விட்டுடுங்க."

சேதுபதிக்குச் சந்தேகம் தட்டியது. அவருக்குச் சந்தேகம் தட்டுவது புதிதல்ல. வகுப்பில் ஒரு பையன் சரியான விடை போட்டுவிட்டால், முதலில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் தாளைத்தான் வாங்கிப் பார்ப்பார். சந்தையில் மீன் வாங்கினால் வேறொரு கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார். ஆனால் இந்தச் சந்தேகத்துக்கு உண்மையிலேயே காரணம் இருந்தது. அந்தப் படிப்பைப் பற்றி அவர் இன்னும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மனைவி சந்திரமதியிடம்கூட.

விஷயம் முந்தைய நாள் மாலைதான் நடந்தது.

போன விடுமுறையில், கணக்கு வாத்தியார்களுக்காகக் கோலாலம்பூரில் ஒரு வகுப்பு வைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து நடத்தினார். ஒரு வீட்டளவு பெரிய மெஷின் விளக்குகளை மினுக்கி மினுக்கிக் கணக்குப் போடுவதைச் சினிமாவாகக் காட்டினார். சேதுபதியும் சந்திரமதியும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள், சிங்கப்பூரில் ஒரே வகுப்பில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். அதனால் இருவரும் சேர்ந்தே போயிருந்தார்கள். சேதுபதி முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். சந்திரமதி பின்னால் எங்கோ உட்கார்ந்து கொடுத்த பயிற்சிகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பேராசிரியர் ஊருக்குத் திரும்புகிற வழியில் இவர்கள் ஊரான மலாக்காவில் இறங்கினார். தலைமையாசிரியர் பொன்னுதுரை அவரைத் தம் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்து, இவர்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். பலகாரம், பேச்சு எல்லாம் முடிந்து கிளம்பும்போது, பேராசிரியர் சேதுபதியின் தோளில் கை போட்டுக் காருக்குப் பக்கத்தில் தனியாக அழைத்துப் போனார்.

"எங்கள் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் மேல்படிப்புக்கு இடம் ஒன்று தயாராக இருக்கிறது, மிஸ்டர் சேதுபதி," என்றார் ஆங்கிலத்தில். "இரண்டு வருஷம். இனி எல்லாம் உங்கள் கையில். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

சேதுபதிக்கு அப்போது காது இரண்டும் அடைத்துக்கொண்டன. "யோசித்துச் சொல்கிறேன்," என்பதற்கு மேல் வாயில் ஆங்கிலம் வரவில்லை.

மனத்தின் ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள்தான் ஆகின்றன, அதற்குள் இப்படி ஓர் அழைப்பு, அதுவும் தமக்கு. இன்னொரு பக்கம் தயக்கமாக இருந்தது. அந்தச் சினிமாவில் பாதி அவருக்குப் புரியவில்லை. புரிந்த பாதி பிடிக்கவில்லை. மெஷினே கணக்குப் போட்டுவிட்டால் கணக்கு வாத்தியார் எதற்கு? அந்த மெஷினை வளர்க்கத் தாமே கப்பலேறிப் போவதா? எதற்கும் முடிவு செய்யும் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று இருந்தார்.

மூச்சு விடாத விஷயம் விடிவதற்குள் கோப்பிக் கடைக்கு வந்திருந்தது.

அது மட்டுமல்ல. தினம் இரண்டு வேளையும் இங்கேயே கோப்பி குடிக்கிற வாடிக்கைக்காரன் ஊரை விட்டுப் போவதில் கடைக்காரனுக்கு என்ன சந்தோஷம்?

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பாய். வேண்டாம்னு விட்டாச்சு," என்றார் சேதுபதி, பேச்சை அதோடு முடிப்பதற்காக.

கய்யூமின் முகம் விழுந்துவிட்டது. துடைத்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது. "வேண்டாமா? ஏன் சார் அப்படிப் பண்ணுறீங்க? பாவம் சார்."

யார் பாவம் என்று கேட்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். அந்த வேளைக் கோப்பியில் சீனியே இல்லை.

* * *

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தபோது சந்திரமதி சாப்பாட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தாள். நெத்திலி சம்பால், கத்தரிக்காய்ப் பொரியல், அவருக்குப் பிடித்த மாங்காய் போட்ட மீன் குழம்பு. சனி, ஞாயிறில்கூட இத்தனை வகை வராது.

"என்ன விசேஷம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க." அவர் இரண்டு வாய் சாப்பிடும் வரை பொறுத்திருந்தாள். "புரொபசர் உங்களத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரே, நீங்க என்ன சொன்னீங்க?"

அப்படியானால் இவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஜன்னலோரம் நின்று கேட்டிருப்பாள்.

"யோசிக்கணும்னு சொன்னேன்."

"யோசிங்க. நான் அவசரப்படுத்தல." இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "ஆனா ரொம்ப நாள் யோசிக்காதீங்க. எனக்குத் தூக்கமே வரல."

"உனக்கு என்ன தோணுது?"

"போகணும்னுதான் தோணுது," என்றாள் உடனே. கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

சேதுபதி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். கட்டிய புருஷன் இரண்டு வருஷம் கண்காணாத ஊருக்குப் போவதைப் பற்றிக் கேட்டால், பேச்சுக்காவது 'நான் எப்படித் தனியா இருப்பேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? சாப்பிட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது, நாற்காலியில் சாம்பல் நிறக் கம்பளி நூல் உருண்டையும் இரண்டு ஊசிகளும் கிடந்தன.

"இது என்ன?"

"ஸ்வெட்டர். ருக்மணி பின்னக் கத்துக்கொடுத்தா. அந்த ஊர்க் குளிருக்கு வேணும்ல." அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நீங்க ஒண்ணும் சொல்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன்னு கோவிச்சுக்காதீங்க."

கழுத்துப் பகுதி ஏற்கெனவே பின்னி முடிந்திருந்தது. சேதுபதி தம் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

* * *

மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். பொன்னுதுரை யாழ்ப்பாணத்துக்காரர். எப்போதும் கழுத்துப்பட்டை கட்டியிருப்பார். கோபம் வந்தால் அதைத் தளர்த்துவார். அன்று தளர்த்தியிருந்தார்.

"இரும், சேதுபதி. நீர் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டீராம். கய்யூமின்ர கடையில கதைக்கினம். உண்மையே?"

"அது வந்து சார்..."

"என்ன காணும் இது? இப்பிடி ஒரு சந்தர்ப்பம் திரும்பி வருமே? ஆண்டவன் ஒரு மூளையைக் குடுத்தால் அதை வீட்டுக்குள்ள பூட்டி வைக்க ஏலுமே? புரொபசர் என்னட்ட என்ன சொன்னவர் தெரியுமே? இந்த நாட்டில் இப்பிடி ஒரு மூளையை நான் காணேல்லை எண்டு சொன்னவர்."

சேதுபதி நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பள்ளிக்கூடத்தை நினைச்சுத் தயங்குறீரெண்டால், அது தேவையில்லை. அந்த இடத்துக்கு ஆள் இருக்கு. என்ர மருமோன் ஒருத்தன் சிரம்பானில் சும்மாதான் இருக்கிறான். கணக்கில் பட்டம் எடுத்தவன்."

நிமிர்ந்த முதுகு மறுபடி வளைந்தது. அதுதானே பார்த்தோம். மூளையாவது கீளையாவது, மருமகனுக்கு ஒரு நாற்காலி காலியாக வேண்டும்.

மாட்டேன் என்று சொன்னால் இவர் விடப்போவதில்லை. சரி என்று சொன்னால் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று சேதுபதிக்குத் தோன்றியது. முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே, "சரி சார். எனக்குச் சம்மதம்," என்றார்.

பொன்னுதுரை எழுந்து வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது. ஒரு மருமகனுக்காக மனிதர் இவ்வளவு உருகுவாரா என்று சேதுபதி வியந்தார்.

"நீர் மனுசன். அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் இங்கேயே பிரியாவிடை வைப்பம். தம்பிராஜாவுக்கு நானே சொல்லிவிடுறன்." வாசல் வரை கூடவே வந்தவர், சட்டென்று நின்றார். "உமக்குச் சமைக்கத் தெரியுமே?"

"முட்டை அவிப்பேன் சார்."

"அது காணாது. பழகும்."

* * *

தம்பிராஜா சேதுபதியின் மாமனார். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்று, மனைவியும் போன பிறகு புக்கிட் பாருவில் தனியாக இருந்தார். பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் வெயிலையும் மழையையும் தவிர வேறெதையும் பேசியவரில்லை. அன்று மாலையே ஒரு கூடை ரம்புத்தான் பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலிலேயே மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்தார்.

"மாப்பிள்ளை, உங்கள நான் தப்பா எடை போட்டுட்டேன்."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, மாமா."

"இல்ல, உண்மையச் சொல்லிடுறேன். நீங்க முடியாதுன்னுதான் சொல்வீங்கன்னு நினைச்சேன். ஹெட்மாஸ்டர் சொல்லித்தான் விஷயம் தெரிஞ்சுச்சு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?" தம்பிராஜா பழத்தை உரித்துத் தாமே அவர் கையில் கொடுத்தார். "நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படக் கூடாது. ரெண்டு வருஷம் ஒண்டியாக் கிடந்து கஷ்டப்பட வேணாம். நானும் வந்து உங்க கூடவே தங்கிடுறேன்."

பழம் சேதுபதியின் கையிலிருந்து நழுவியது.

"நீங்களா? அங்கேயா?"

"நீங்க எங்க இருக்கீங்களோ அங்கதான்."

"உங்க உடம்புக்கு ஒத்துக்கணுமே, மாமா."

"எனக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான். படுக்க ஒரு மெத்தை போதும். விடியற்காலையில எழுந்து தேவாரம் பாடுவேன், அப்படியே உங்களையும் எழுப்பி விட்டுடுறேன். சமையலும் ஓரளவுக்கு வரும். ரசம் வெப்பேன்."

இங்கிலாந்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வாடகை அறையில், இருட்டுப் பிரியாத குளிரில், மாமனார் உடம்பெல்லாம் விபூதியோடு உட்கார்ந்து தேவாரம் பாடுவதைச் சேதுபதி நினைத்துப் பார்த்தார். அந்தக் கிழவி கதவைத் தட்டுவதையும் நினைத்துப் பார்த்தார்.

"சந்திராவும் நல்லாத் தயார் பண்ணியிருக்கா," என்றார் தம்பிராஜா. "ருக்மணியோட தம்பி கணேசமூர்த்தி சீமையில படிச்சுட்டு வந்திருக்கானே, உஜோங் பாசிர்ல. சனிக்கிழமை தவறாம அங்க போய் அந்த ஊர் விஷயமெல்லாம் கேட்டு வெச்சுக்கிறா."

சனிக்கிழமைகளில் மனைவி தன் தோழி ருக்மணி வீட்டுக்குப் போவது சேதுபதிக்குத் தெரியும். ருக்மணிக்கு ஒரு தம்பி இருப்பது தெரியாது.

"எப்படி இருப்பான் அந்தப் பையன்?"

"நல்ல உயரம். ஒல்லியா, சிவப்பா, மீசையெல்லாம் வெச்சுக்கிட்டு, பாத்தா சினிமாக்காரன் மாதிரி இருப்பான்."

* * *

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் சேதுபதி மனைவிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அவள் பின்னிக்கொண்டிருந்தாள். முதலில் மாமனாரைத் தட்டிக்கழிக்க வேண்டும். கூடவே அந்த உஜோங் பாசிர் விஷயத்துக்கும் ஒரு வழி பண்ண வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே யோசனைதான் அவருக்குக் கிடைத்தது.

"சந்திரா, எதுக்கு ஒருத்தர் மட்டும் போகணும்? நாம ரெண்டு பேருமே போயிடலாம்."

ஊசிகள் நின்றன. "அப்ப உங்க வேலை?"

"விட்டுட வேண்டியதுதான். வேற என்ன பண்றது?"

அவள் அவரையே பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. "எனக்காக அப்படி ஒரு காரியம் பண்ணுவீங்களா?"

"உன்ன விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்?"

அவ்வளவுதான். சந்திரமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். கூட வா என்று கூப்பிட்டதற்கு ஒரு பெண் இப்படியா அழுவாள் என்று சேதுபதி திகைத்தார். சந்தோஷத்தில் அழுகிற அழுகையாகவும் இருந்தது, குற்றம் செய்தவர்கள் அழுகிற அழுகையாகவும் இருந்தது. அவருக்கு இரண்டாவதுதான் பொருந்தியது.

ஒருவழியாக முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "வேண்டாங்க. நீங்க சொன்னதே போதும். ஒருத்தர் போகட்டும். இன்னொருத்தர் இங்க இருந்து வீட்டப் பாத்துக்கறதுதான் சரி."

"தனியா இருக்கணுமே."

"தனியா எங்க? அப்பாதான் வந்து கூட இருக்கேன்னு சொல்லிட்டாரே."

சேதுபதி எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டார். இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அப்பனையும் புருஷனையும் ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறாளாம். வீட்டை.

* * *

சனிக்கிழமை சந்திரமதி உஜோங் பாசிர் பஸ்ஸில் ஏறியதும் சேதுபதி சைக்கிளை எடுத்தார்.

ருக்மணியின் வீடு கடலுக்குப் பக்கத்தில், செம்பருத்தி வேலிக்குள் இருந்தது. சைக்கிளைத் தென்னை மரத்தில் சாய்த்துவிட்டு, குனிந்தபடியே வேலியின் இடைவெளி வழியாக உள்ளே நுழைந்தார். ஜன்னலுக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தாழி இருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கணக்கு வாத்தியார் ஒடுங்கி உட்கார இடமிருந்தது.

உள்ளே ஓர் ஆண் குரல் கேட்டது. நல்ல குரல். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதான் அவரு சரின்னு சொல்லிட்டாரே, அக்கா. இன்னும் என்ன பயம்?"

"எந்த நேரத்துல மனசு மாறுவாரோன்னு பயம்தான், கணேசா," என்றாள் சந்திரமதி. "இப்ப என்னமோ ரெண்டு பேரும் போகலாங்கிறாரு. வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கேன். கப்பல் கிளம்புற வரைக்கும் எனக்கு நிம்மதி இல்ல."

"கப்பல் கிளம்பிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஆமா."

"மொதல் ஒரு மாசம்தான் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும். புருஷன் பொண்டாட்டின்னாலும் அப்படித்தான்." உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். ருக்மணியின் சிரிப்பும் அதில் இருந்தது. அவளும் உடந்தை.

அக்கா என்று கூப்பிடுகிறானாம். அது எவ்வளவு நாளைக்கு? இன்னும் நன்றாகக் கேட்பதற்காகச் சேதுபதி கொஞ்சம் எழும்பினார். அப்போது அவருடைய கால்சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

திரும்பிப் பார்த்தார். வாத்து. சாதாரண வாத்து இல்லை, கழுத்து நீண்ட வெள்ளை வாத்து. அதற்குப் பின்னால் அதன் குடும்பம் வந்துகொண்டிருந்தது. சேதுபதி மெதுவாகக் காலை உதறினார். அது பிடியை விடாமல் இறக்கையை விரித்துக் கத்தியது. மற்றவையும் சேர்ந்துகொண்டன. அவர் தாழியின் மேல் ஏறப் பார்த்தார். மூடி நழுவி, ஒரு கால் முழங்கால் வரை தண்ணீருக்குள் இறங்கியது.

ஜன்னல் திறந்தது. மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க?" என்றாள் சந்திரமதி.

"உன்ன... சைக்கிள்ல கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இவ்வளவு தூரமா?" அவள் குரல் குழைந்துபோனது. "வெயில்ல?"

கணேசமூர்த்தி ஓடிவந்து வாத்துகளை விரட்டி, அவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தான். சொன்னபடியே உயரம், சொன்னபடியே மீசை. ருக்மணி துண்டு கொண்டுவந்தாள். தேநீர் வந்தது. மூன்று பேரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, கோயில் சாமியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"சார், உங்களப் பத்தி அக்கா சொல்லிக்கிட்டே இருப்பாங்க," என்றான் கணேசமூர்த்தி. "உண்மையச் சொல்றேன், உங்க இடத்துல நான் இருந்தா எனக்கு இந்தத் தைரியம் வராது."

எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் முகத்துக்கு நேராக இதைச் சொல்வான் என்று சேதுபதி நினைத்தார். தேநீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பி வரும்போது சந்திரமதி சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான புதிதில் அப்படி உட்கார்ந்தது. வழியெல்லாம் அவள் ஏதோ மெல்லப் பாடிக்கொண்டே வந்தாள். சேதுபதி ஈரக் காலால் மிதித்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். போவதில்லை. எவன் என்ன சொன்னாலும் போவதில்லை. அதை வீட்டில் சொன்னால் அழுவாள், பள்ளிக்கூடத்தில் சொன்னால் கழுத்துப்பட்டையைத் தளர்த்துவார், மாமனாரிடம் சொன்னால் மறுபடி வெயிலும் மழையும்தான். ஆகவே எல்லாரும் ஒன்றாக இருக்கிற இடத்தில், எல்லார் முகத்துக்கும் எதிரே சொல்லிவிட வேண்டும். ஒருத்தராலும் ஒன்றும் செய்ய முடியாது.

* * *

வெள்ளிக்கிழமை பிற்பகல், ஆசிரியர் அறையில் மேசைகளை ஓரமாகத் தள்ளிச் சுவரில் வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கரும்பலகையில் 'சென்று வருக' என்று எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தது. கய்யூம் தம் செலவில் இரண்டு தட்டு வடையும் ஒரு வாளி தேநீரும் கொண்டுவந்திருந்தார். தம்பிராஜா முதல் வரிசையில் பட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். ருக்மணியும் கணேசமூர்த்தியும்கூட வந்திருந்தார்கள். பழைய பள்ளிவாசல் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெய்னுலாப்தீன் மூன்று கால் கேமராவை நிறுத்திவிட்டு, வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுதுரை கணவன் மனைவி இருவருக்கும் மாலை போட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேச எழுந்தார். பையில் இருந்து எடுத்த காகிதம் கனமாக இருந்தது.

சேதுபதி முந்திக்கொண்டார். பாராட்டைக் கேட்டுவிட்டால் மனம் இளகிவிடும் என்று பயம்.

"சார், மன்னிக்கணும். யாரும் பேசுறதுக்கு முன்னாடி நான் ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன்."

அறை அமைதியானது. நேராகக் கணேசமூர்த்தியின் மீசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கொஞ்ச நாளா ஊர்ல என்னென்னமோ பேச்சு நடக்குது. எல்லாருக்கும் சேத்து ஒரே பதில் சொல்லிடுறேன். நான் எங்கேயும் போகப்போறதில்ல. வேலைய விடப்போறதில்ல. கப்பல் கிளம்பினாலும் நான் இங்கதான், இதே காஜா பெராங்குல, என் வீட்டுலதான் இருப்பேன். என் வீட்டப் பாத்துக்க எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படிக்கிறவங்க தாராளமாப் படிக்கட்டும். எனக்கு அது வேண்டாம். இதுதான் என் முடிவு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கூச்சல் வரும், அழுகை வரும், கழுத்துப்பட்டை தளரும் என்று எதிர்பார்த்தார்.

பொன்னுதுரை கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கை தட்டினார். அடுத்து தம்பிராஜா எழுந்து நின்று தட்டினார். பிறகு அறை முழுவதும் எழுந்து நின்று தட்டியது. கய்யூம் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். கணேசமூர்த்தி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

"இதுக்கு மேல நான் பேச என்ன கிடக்கு?" என்றார் பொன்னுதுரை தழுதழுத்த குரலில். "மனுசன் எண்டால் இவன்."

சேதுபதி மலங்க மலங்க விழித்தார். சந்திரமதி அவர் பக்கத்தில் வந்து, மாலையோடு மாலை உரச நின்று, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "இப்பத்தாங்க எனக்கு நிம்மதி. எங்க வேலைய விட்டுடுவீங்களோன்னு துடிச்சுப்போயிட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். பொய்யான முகம் இல்லை அது. அப்படியானால் இவள் தாம் போவதை விரும்பவே இல்லையா? இத்தனை நாள் புருஷனின் நன்மைக்காகத் தன் ஆசையை அடக்கிக்கொண்டுதான் போகணும் போகணும் என்று சொன்னாளா? இந்த வாயில்லாப் பூச்சியைப் போய்ச் சந்தேகப்பட்டு, தாழிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோமே. தலைமையாசிரியரும் பாவம், மாமனாரும் பாவம், அந்த மீசைக்காரப் பையனும் பாவம். எல்லாருக்கும் தாம் இங்கேயே இருப்பதில்தான் உள்ளூர ஆசை. இத்தனை பேர் அன்பை இத்தனை நாளாகத் தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு யார் மேலும் எந்தச் சந்தேகமும் இல்லை.

"போட்டோ எடுத்துடலாமா?" என்று ஜெய்னுலாப்தீன் குரல் கொடுத்தார்.

எல்லாரும் கரும்பலகைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். சேதுபதி நடுவில் நின்று, மாலையைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்தி, எல்லாரையும் மன்னித்துவிட்ட முகத்தோடு சிரித்தார்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்த ஜெய்னுலாப்தீன், திருப்தியில்லாமல் தலையை வெளியே எடுத்தார்.

"வாத்தியார், நீங்க கொஞ்சம் ஓரமாத் தள்ளி நில்லுங்க. அம்மா, சீமைக்குப் படிக்கப் போறது நீங்கதானே, நடுவுல வாங்க."